நெய்கிம்மின் பதில்

பார்கவியின் மாமனாரும் மாமியாரும் புனேவின் பாணேர் பகுதி ஃப்ளாட்டின் சின்ன அறைக்கு வந்தபோது, ஒரு மாதம் இருப்பார்கள் என்றுதான் பேச்சு. மணிப்பூரில் இனக்கலவரம் அடங்கியதும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள் என்று அவள் கணவன் மின்தாங் சொன்னான். அவளை ஏமாற்றுவதற்காகச் சொன்னதல்ல. அவனும் அப்படித்தான் நம்பினான். மூன்று மழைக்காலங்கள் முடிந்தும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். திரும்பிப் போக ஊரும் இல்லை, வீடும் இல்லை. அந்த மலையடிவாரக் கிராமத்தை ஒரு மே மாதப் பகலில் கொளுத்தியிருந்தார்கள். வீடுகளோடு, கிராமத்தார் மூங்கிலும் தகரமும் வைத்துக் கட்டிய ஜெபக்கூடமும் எரிந்துபோயிற்று. மாமனார் செய்லென் தன் ஜெபச் சால்வையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினார். மாமியார் நெய்கிம் பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதில் பருப்பு பாதி வெந்திருந்ததாம்.

நிவாரண முகாமில் சில வாரங்கள் கிடந்தவர்களை, மலைக்காரர்கள் இம்பால் பக்கம் தலைகாட்ட முடியாததால், மலைப்பாதையில் ஜீப் வைத்துத் திமாபூருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து விமானம் ஏற்றிப் புனேவுக்குக் கூட்டிவந்தான் மின்தாங்.

பார்கவி கோயம்புத்தூர்க்காரி. ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். மின்தாங்கும் அதே கம்பெனியில்தான் முன்பு இருந்தான். கல்யாணத்துக்கு முன்பு, தன் அப்பா அம்மா யூதர்கள் என்று அவன் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. மணிப்பூர் மலையில் யூதர்களா என்று கேட்டாள். அவன் கோபித்துக்கொள்ளாமல் விளக்கினான். இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களில் பத்து காணாமல்போயின. அதில் மெனாஷே என்ற ஒன்று கிழக்கே நடந்து நடந்து எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் கிழவர்கள் சொல்லும் ஆதி மூதாதை மன்மாசிதான் அந்த மெனாஷே. அப்படித்தான் அப்பா நம்புகிறார் என்றான். நீ நம்புகிறாயா என்று கேட்டதற்கு, எனக்கு வேலை இருக்கிறது என்றான். எதற்கும் ஆதாரம் கேட்டே பழகிய பார்கவி அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டாள்.

ஆனால் ஒரே கூரைக்குக் கீழே வந்த பிறகு அப்படி விட்டுவிட முடியவில்லை. செய்லென் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முறைப்படி அறுக்காத இறைச்சியைத் தொடமாட்டார். புனேவில் அது எங்கே கிடைக்கிறது என்று தேடித் திரிவதைவிடப் பருப்பும் காயுமே போதும் என்றுவிட்டார். பார்கவி வீட்டில் கறி சமைப்பதில்லை என்பதால் அந்த ஒரு விஷயத்தில் யாருக்கும் சிரமமில்லை. மற்றதெல்லாம் சிரமம்தான். அவர்களுக்குத் தனிப் பாத்திரங்கள். வெள்ளி மாலை சூரியன் இறங்குவதற்குள் சமையல் முடிந்தாக வேண்டும். ஓய்வுநாளான சனிக்கிழமை முழுவதும் அவர் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடமாட்டார், லிஃப்ட் ஏறமாட்டார். வாரநாளில் எப்போதாவது பஸ் பிடித்துக் கேம்ப் என்ற பேட்டையில் இருக்கும் செங்கல் ஜெபாலயத்துக்கு, புனேக்காரர்கள் லால் தேவுள் என்கிறார்களே, அங்கே போய்வருவார். சனிக்கிழமை வண்டியில் போகக் கூடாது; நடக்கவோ தூரம் அதிகம். அதனால் பால்கனியில் இஸ்ரவேல் தேசம் இருக்கும் மேற்குத் திசையைப் பார்த்து நின்று ஜெபிப்பார். மேற்கே ஹைவே இரைந்துகொண்டிருக்கும்.

பத்து வயது மகள் வைஷுவின் படுக்கை ஹாலுக்கு வந்துவிட்டது. பார்கவியின் ஆபீஸ் மேஜை படுக்கையறைக்குள், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே போயிற்று. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து மீட்டிங் பேசினாள். முதுகு பிடித்துக்கொண்டது. யார்மீதும் அவளுக்குக் கோபமில்லை. எல்லாம் எரிந்துபோய் வந்தவர்களிடம் என்னவென்று கோபப்படுவது? ஆனால் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதே உடம்பு கனத்தது.

கோயம்புத்தூரிலிருந்து அம்மா லலிதா வாரம் தவறாமல் கேட்பாள்.

“ஏங்கண்ணு, அவுங்க எப்பத்தான் கெளம்பறாங்களாமா?”

எங்கே கிளம்புவார்கள் என்று பார்கவி திருப்பிக் கேட்பாள்.

போகும் இடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. செய்லென் முப்பது வருடங்களுக்கு மேலாக அதற்குத்தான் காத்திருந்தார். அவருடைய ஆட்களில் சில ஆயிரம் பேர் ஏற்கெனவே இஸ்ரேலுக்குப் போய்க் குடியேறியிருந்தார்கள். மீதிப்பேரையும் அழைத்துக்கொள்ளப்போகிறார்கள் என்ற செய்தி வந்துகொண்டே இருக்கும், பிறகு அடங்கிவிடும். இந்த முறை உறுதி என்று தகவல் வந்தது. அங்கிருந்து ரபிகள் என்னும் மதகுருக்கள் வடகிழக்கு மலைநகரமான ஐசாலுக்கு வந்து, குடும்பம் குடும்பமாகப் பார்த்துக் கேள்வி கேட்பார்களாம். தேறியவர்களுக்குப் பயணம். கேட்ட அன்று செய்லென் சாப்பிடவில்லை. மின்தாங்கும் அப்பாவிடம் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாட்டில் சண்டை நடக்கிறதே என்று பார்கவி தனியாகக் கேட்டபோது, “எங்க சண்டை இல்ல? அவரை விரட்டாத ஒரு இடம்னு அவர் நினைக்கிறார். அதையும் நான் இல்லைன்னு சொல்லணுமா?” என்றான். அவன் குரலிலும் சக்தியில்லை.

நெய்கிம்முக்கு ஜெபங்கள் சரியாக வராது. ரொட்டிக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று, மெழுகுவத்தி ஏற்றும்போது ஒன்று என்று எபிரேயத்தில் ஆசிவாக்கியங்கள் இருந்தன. கணவர் சொல்லிக்கொடுத்தால் அவளுக்கு இன்னும் தடுமாறும். அவரும் ஆசிரியர் குரலில் அதட்டுவார். கடைசியில் அந்தப் பொறுப்பும் பார்கவியின் தலையில் விழுந்தது. போனில் பதிவைப் போட்டுவிட்டு, இருவரும் அடுக்களையில் நின்று, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் பொதுவாக இருந்தது ஓட்டை இந்திதான். அதற்கு நடுவே மலைப்பேச்சின் சொற்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்கவிக்குப் பிடிபட்டிருந்தன. மின்தாங் அம்மாவைக் கூப்பிடுவதுபோல அவளும் ‘ஹேனு’ என்றே கூப்பிட்டாள். மாமியாருக்கு வருவதற்கு முன்பே எல்லா ஆசிவாக்கியங்களும் பார்கவிக்கு மனப்பாடமாகிவிட்டன. கம்பெனி வண்டியில் உட்கார்ந்து ஹிஞ்சேவாடி டிராஃபிக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, தன்னையறியாமல் ரொட்டிக்கான வாக்கியத்தை முணுமுணுத்திருக்கிறாள்.

அப்படி நறுக்கிக்கொண்டிருந்த ஒருநாள் நெய்கிம் தன் கதையைச் சொன்னாள். அவள் சர்ச்சுக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பாடகர் குழுவில் பாடியவள். பண்டிகைக்கு அவள் குரலைக் கேட்கப் பக்கத்து ஊர்களிலிருந்து வருவார்களாம். மின்தாங் கைக்குழந்தையாக இருந்தபோது செய்லென் ஒருநாள் வீட்டுக்கு வந்து, நாம் கிறிஸ்தவர்கள் இல்லை, மெனாஷேயின் பிள்ளைகள், இனி ஞாயிற்றுக்கிழமை சர்ச் கிடையாது என்றார். ஊரை மாற்றினார். அவளுக்கு ரிவ்கா என்று பெயர் வைத்தார். அவளுடைய அண்ணன்மார் பேச்சை நிறுத்தினார்கள், பேசாமலே செத்தும்போனார்கள்.

“நீங்க வேண்டாம்னு சொல்லலையா ஹேனு?” என்று பார்கவி கேட்டாள்.

“என்னைக் கேட்டாத்தானே வேண்டாம்னு சொல்ல?” என்றாள் நெய்கிம். நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அடுத்ததைச் சொல்லித்தரும்படி கை காட்டினாள்.

ஐசாலுக்கு மின்தாங் கூட்டிப்போவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவன் ஆபீசில் மென்பொருள் ரிலீஸ் தள்ளிப்போய் அவனால் அசைய முடியவில்லை. பார்கவி லீவு போட்டாள். கல்கத்தா போய், விமானம் மாறி, இறங்கியபின் மலைப்பாதையில் டாக்சியில் வளைந்து வளைந்து போனபோது செய்லென் கண்ணை மூடாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நெய்கிம் இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

அந்தக் கூடத்தில் கூட்டம் கூட்டமாக மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் சிறு தொப்பி வைத்த ஆண்கள், முடியைத் துணியால் கட்டிய பெண்கள், மடியில் தூங்கும் பிள்ளைகள். எல்லாரும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது பரீட்சைக்கு முந்தைய பள்ளிக்கூடம் போலிருந்தது. கால் கடுக்கக் காத்திருந்தபின் பெயர் வந்தது. பார்கவி வெளியே நிற்க வேண்டியவள். நெய்கிம் அவள் கையை விடவில்லை. வாசலில் நின்ற பெண் பார்த்துவிட்டு, பின்சுவர் ஓரமாக உட்காரச் சொன்னாள்.

உள்ளே மூன்று ரபிகள். பக்கத்தில் மொழிபெயர்க்க மலைக்காரப் பையன் ஒருவன், ஒழுங்காக வெட்டிய தாடியோடு. கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன. அவன் மலைப்பேச்சில் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொன்னான். செய்லெனுக்கு அவன் தேவைப்படவில்லை. கேட்டதற்கெல்லாம் நேராகவே பதில் சொன்னார். சில இடங்களில் எபிரேயத்திலும் சொன்னார். உங்கள் மகன் வெளியே மணந்திருக்கிறானே என்று கேட்டார்கள். ஆமாம், அந்த வீட்டில்தான் இருக்கிறோம், அதோ இருப்பவள்தான் மருமகள் என்று பின்னால் கையைக் காட்டினார். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்கவிக்கு எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

நெய்கிம் ரொட்டி, பழம், மெழுகுவத்தி மூன்றையும் தடுமாறாமல் சொல்லிவிட்டாள். சுவரோரம் பார்கவியின் உதடும் கூடவே அசைந்தது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது, மூவரில் வயதானவர், நரைத்த தாடிக்காரர், கனிவாக ஒன்று கேட்டார். நீங்கள் ஏன் இஸ்ரேலுக்கு வர விரும்புகிறீர்கள்?

பையன் அதை மலைப்பேச்சில் கேட்டான். நெய்கிம் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சொன்னாள்:

“எனக்கு அங்க வர ஆசையில்ல. என் பேத்தி பூனாவுல இருக்கா. என் ஆளுங்க சமாதி எல்லாம் மலையில இருக்கு. இவருக்குத்தான் போகணும். இவர் என்னைக் கேட்டதே இல்ல. நீங்க கேட்டீங்க, அதனால சொல்றேன்.”

பார்கவிக்கு எல்லாச் சொல்லும் புரியாவிட்டாலும் சொன்னது புரிந்தது. பையனின் முகம் ஒரு கணம் மாறியது. அவன் கிழவியைப் பார்த்தான், கிழவரைப் பார்த்தான், பிறகு ரபிகளிடம் திரும்பி, கணவர் போகும் இடத்துக்குத் தானும் போவதே தன் விருப்பம் என்கிறார், அந்த மண்ணைப் பார்க்க வெகுநாளாக ஆசையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னான். நரைத்த தாடிக்காரர் கண் கலங்கித் தலையசைத்தார். செய்லென் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு மொழியும் தெரியும். அவர் வாய் திறக்கவில்லை. பார்கவியும் திறக்கவில்லை.

திரும்பும் வழியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. புனே வந்த பிறகும் பேசவில்லை. மின்தாங்கிடம் சொல்ல வேண்டும் என்று பார்கவி தினமும் நினைத்தாள். அவன் வேலை முடிந்து வந்து சோபாவில் சாயும்போது, அவன் முகத்தைப் பார்த்து, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவாள். சொன்னால் ஒரு பெரிய பேச்சு தொடங்கும். அதை முடித்துவைக்கும் தெம்பு அவளிடம் இல்லை. இன்னொன்றும் உண்டு. அவர்கள் போய்விட்டால் சின்ன அறை காலியாகும், ஜன்னலோரம் மேஜையைப் போடலாம் என்ற எண்ணம் அவளுக்கு வந்துவிட்டிருந்தது. அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு நியாயம் பேசுவது அவளுக்கே கூசியது.

தேறிவிட்டார்கள் என்று போன் வந்தது. மின்தாங் பக்கத்திலிருக்கும் ஔந்திலிருந்து ஸ்வீட் வாங்கிவந்தான். செய்லென் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் ஒழுங்காகத் தூங்கவில்லை. விடியும் முன்பே எழுந்து நடப்பது ஹாலில் படுத்த வைஷுவை எழுப்பிவிடும். வாழ்நாளெல்லாம் காத்திருந்தது கைக்கு வந்திருக்கிறது, இவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று மின்தாங் கேட்டான். தெரியவில்லை என்றாள் பார்கவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, செய்லென் சோற்றைப் பிசைந்துகொண்டே, இந்தக் குழுவில் நாங்கள் போகவில்லை, அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன் என்றார். மின்தாங் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டான். ஏன் என்று கேட்டான்.

“உங்கம்மாவுக்கு உடம்பு முடியல,” என்றார்.

பரிமாறிக்கொண்டிருந்த நெய்கிம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எனக்கு என்ன உடம்புக்கு?”

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. “நீ அங்க சொன்னது என் காதுலயும் விழுந்தது,” என்றார்.

மின்தாங் பார்கவியைப் பார்த்தான். பார்கவி தட்டைப் பார்த்தாள்.

“விழுந்துச்சுல்ல? அப்ப அன்னைக்கே என்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்,” என்றாள் நெய்கிம். அவள் குரல் உயரவில்லை. “ஆசையில்லன்னு சொன்னேன். வரமாட்டேன்னா சொன்னேன்? ரெண்டும் ஒண்ணா? சர்ச்சை விடணும்னு நீங்களே முடிவு பண்ணீங்க. ஊரை விடணும்னு நீங்களே முடிவு பண்ணீங்க. இப்பப் போக வேண்டாம்னும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. என்னைச் சாக்கா வேற வச்சுட்டீங்க.”

யாரும் சாப்பிடவில்லை. வைஷு மட்டும் அப்பளத்தைச் சத்தம் வராமல் கடிக்க முயன்றுகொண்டிருந்தாள். செய்லென் பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். பிறகு, கரும்பலகைக்கு முன்னால் விடை தெரியாமல் நிற்கும் பிள்ளையைப் போல, “சரி. இப்பக் கேக்கறேன். என்கூட வர்றியா?” என்றார்.

நெய்கிம் கீழே வைத்த கரண்டியை எடுத்தாள். பேத்தியின் தட்டில் பருப்பு ஊற்றினாள். மகன் தட்டில் ஊற்றினாள். தனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வர்றேன்,” என்றாள். “ஆனா வீட்டுக்குள்ள என்னை ரிவ்கான்னு கூப்பிடக் கூடாது. நான் நெய்கிம். அடுப்படியில எனக்குத் தெரிஞ்ச பாட்டைத்தான் பாடுவேன்.”

அவளுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் சர்ச்சுப் பாட்டு என்று அந்த மேஜையில் எல்லாருக்கும் தெரியும். செய்லென் இதற்கு உண்மையாகவே யோசித்தார்; அவர் முகத்தில் அந்தச் சிரமம் தெரிந்தது.

“மெதுவாப் பாடு,” என்றார் கடைசியில்.

“என் தொண்டைக்கு மெதுவா வராது.”

செய்லென் சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தானே கொண்டுபோய்க் கழுவிவைத்தார். பார்கவி அதை அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் மின்தாங், உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றான். “முடியலப்பா,” என்றாள் அவள், தமிழிலேயே. அந்த ஒரு சொல்லை அவன் கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்டிருந்தான். மேலே கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

தள்ளிப்போட்டதை மறுபடி பிடிப்பது லேசாக இருக்கவில்லை. முதல் குழு போயிற்று. அடுத்த குழுவில் பெயர் வந்தது. ஆனால் அங்கே சண்டை மூண்டு விமானங்கள் நின்றுபோயின. மறுபடி ஒரு தேதி வந்தது, அதுவும் போயிற்று. கட்டிவைத்த பெட்டிகள் சின்ன அறையில் கட்டிலுக்கு நடக்கும் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அவசரத்துக்கு அவற்றிலிருந்தே துணியை உருவி உடுத்திக்கொண்டார்கள். அடுக்களையில் நெய்கிம் பாடினாள். நல்ல குரல்தான். கட்டில் விளிம்பில் மீட்டிங்கில் இருக்கும்போது அது மைக்கில் கேட்கும். யார் பாடுவது என்று பெங்களூரிலிருந்து கேட்பார்கள். பார்கவி மியூட் போட்டுக்கொள்வாள்.

ஒருவழியாகப் பயணம் அமைந்தது. பம்பாய் விமான நிலையத்தில், அதே மலைக்காரக் குடும்பங்கள் பலவற்றுக்கு நடுவே, செய்லென் மகனைக் கட்டிக்கொண்டு விடாமல் நின்றார். நெய்கிம் பேத்தியின் தலையை முகர்ந்தாள். பாட்டியான அவள் பெயரின் கடைசி அசையைத்தான் வழக்கப்படி பேத்தியின் மலைப்பெயருக்கு முதலில் வைத்திருந்தார்கள்; அவளுக்கு வைஷு எப்போதும் கிம்போய்தான். பிறகு பார்கவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஐசாலில் கேட்டதை நீ யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாய், நல்லது செய்தாய் என்றாள். அது நல்லதனமெல்லாம் இல்லை, சொல்லத் தெம்பில்லாமல் போனதுதான் என்று சொல்லப் பார்கவிக்கு வாய் வந்தது. இந்தியில் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போது அவர்கள் இஸ்ரேலின் வடக்கே மலைப்பாங்கான ஒரு சிறிய ஊரில், மற்றக் குடும்பங்களோடு ஒரு கட்டடத்தில் இருக்கிறார்கள். முறைப்படி யூதராக ஏற்றுக்கொள்ள இன்னும் வகுப்பும் தேர்வும் இருக்கின்றன. செய்லென் தன் மகனைவிட எவ்வளவோ சின்னப் பெண்ணிடம் உச்சரிப்புத் திருத்தம் வாங்கிக்கொள்கிறார். கடைத்தெருவில் அவரை எல்லாரும் தாய்லாந்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர் என்று நினைக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாக இறங்கியது. சைரன் ஊதினால் கீழ்த்தளத்துக்கு ஓட வேண்டும். அவருக்கு முழங்கால் வலி. நன்றாக இருக்கிறதா அப்பா என்று மின்தாங் கேட்டான். அவர் யோசித்துவிட்டு, ராத்திரி தூக்கம் வருகிறது என்றார். அடுப்படியில் நெய்கிம் பாடுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு ரஷ்யக்காரி, இது வேதத்தில் எந்தச் சங்கீதம் என்று விசாரித்தாளாம். செய்லென் என்ன பதில் சொன்னார் என்று கேட்டதற்கு, போனின் அந்தப் பக்கம் நெய்கிம்மின் சிரிப்புச் சத்தம்தான் வந்தது.

அவர்கள் போன இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பார்கவி சின்ன அறையைத் துடைத்துவிட்டு, மேஜையைக் கொண்டுவர அளவெடுக்கப் போனாள். ஜன்னல் திறந்திருந்தது. கொஞ்சம் உட்காரலாம் என்று விரிப்பில்லாத கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியபின் வைஷு வந்து தோளைத் தொட்டு எழுப்பினாள்.

“அம்மா, பசிக்குது. அம்மம்மா கால் பண்றாங்க. என்ன சொல்லட்டும்?”

“தூங்கறேன்னு சொல்லு,” என்று சொல்லிவிட்டுப் பார்கவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்து போய் உலை வைத்தாள்.